வாசகர் கேள்வி – பதில்: வீட்டு உத்தரவாதம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

கூரைத்தட்டில் ஈரம், உதிரும் பூச்சு, துருவேறிய தகடு, மூன்றே வருடத்தில் நின்றுபோன ஏசி. கடிதங்கள் வெவ்வேறு என்றாலும் கேள்வி ஒன்றுதான்: "வாரண்டி இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள், இப்போது இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?" வீட்டில் ஒரு பழுது வந்தால் அது கட்டித் தந்தவர் பொறுப்பா, பொருளைச் செய்த கம்பனியின் பொறுப்பா, பொருத்தியவர் பொறுப்பா, காப்புறுதியா, தொடர்மாடியின் பொதுநிதியா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஆள் மாறிப் போய்க் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். அது சரியான பதிலாகவும் இருந்துவிடும்.

கேள்வி: ஆறாம் மாடியில் வீடு வாங்கிக் குடிவந்து 14 மாதம். ஒப்பந்தத்தில் 12 மாதத்துக்குப் பழுது திருத்தித் தருவதாக எழுதியிருக்கிறது. இப்போது குளியலறைக் கூரைத்தட்டில் ஈரம் ஊறிப் பெயின்ட் உரிகிறது. கட்டித் தந்த நிறுவனம் காலம் முடிந்துவிட்டது என்கிறது. இத்தோடு எங்கள் உரிமை போய்விட்டதா? – வெள்ளவத்தை வாசகர்

போய்விட்டது என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். முதலில் அந்த 12 மாதம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். திறப்புக் கையளித்த நாள், உறுதி எழுதிய நாள், சீஓசீ என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழ் கிடைத்த நாள் என மூன்றில் எதுவும் தொடக்கமாக இருக்கலாம். கொழும்பில் இந்த மூன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி விழுவது வழமை. திறப்பு வாங்கி 14 மாதம் ஆகியிருந்தாலும் உங்கள் 12 மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

அடுத்தது, குளியலறை ஈரத்தைப் பற்றி முன்பு எப்போதாவது நிறுவனத்துக்குச் சொன்னீர்களா? ஒரு வட்ஸ்அப் படமோ முகாமையாளருக்கு எழுதிய இரண்டு வரியோ இருந்தாலும் போதும். காலத்துக்குள் அறிவித்த பழுது, காலம் முடிந்தபின் பெரிதானாலும் காலத்துக்குள் வந்த பழுதுதான் என்று வாதிட அது உதவும்.

மூன்றாவதைப் பலரும் கேட்பதே இல்லை. நீர்த்தடுப்பு வேலையைப் பெரும்பாலும் ஒரு துணை ஒப்பந்தகாரர்தான் செய்திருப்பார். அவர் கட்டுமான நிறுவனத்துக்கு 5 அல்லது 10 வருட உத்தரவாதம் தனியாகக் கொடுத்திருப்பார். அந்தப் பத்திரம் நிறுவனத்தின் கோப்பில் கிடக்கும். அதன் பிரதியை எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இதில் எதையும் கேட்டுப் பயனில்லை. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் இறங்க வழி மூன்று: அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் குழாய், கழிவுநீர்க் குழாய், தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு. ஈரத்தின் நடத்தையே பாதியைச் சொல்லிவிடும். வீட்டார் ஊருக்குப் போயிருந்தாலும் இரவு பகலாகச் சொட்டினால் அழுத்தக் குழாய். பாவித்த சில நிமிடங்களில் வந்து நின்றுவிட்டால் கழிவுக் குழாய். குளித்துச் சில மணிநேரம் கழித்து மெல்லப் பரவினால் தரை.

பரிசோதனையையும் இந்த ஒழுங்கிலேயே செய்ய வேண்டும். மேல்வீட்டில் இரவு எல்லாக் குழாயையும் மூடி, சிஸ்டர்னுக்கு (கொமட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு) போகும் வால்வையும் மூடி, நீர்மானியின் கடைசிச் சிவப்பு இலக்கங்களைப் படம் பிடியுங்கள். விடியும் வரை ஒரு துளியும் பாவிக்கக்கூடாது. காலையில் இலக்கம் நகர்ந்திருந்தால் ஒழுக்கு அழுத்தக் குழாயில். நகரவில்லையா? அடுத்து, தரை நனையாமல் கழிவு வாயில் நேராக இரண்டு வாளி நிறத்தண்ணீரை ஊற்றுங்கள். கீழே நிறம் தெரிந்தால் கழிவுக் குழாயின் மூட்டு. இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் மட்டும் மூன்றாவதுக்குப் போங்கள். பொலித்தீனில் சுற்றிய துணியால் கழிவு வாயை இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து 24 முதல் 48 மணிநேரம் விடுங்கள். 5 சதுர மீற்றர் தரைக்கு இது ஏறத்தாழ 125 லீற்றர். அதனால் வாசற்படியின் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். படி தாழ்வாக இருந்தால் மணல் நிரப்பிய பொலித்தீன் பைகளால் ஓர் அணை போட வேண்டும். முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே தண்ணீர் கட்டினால், கழிவு வாயின் மூட்டில் உள்ள குறையெல்லாம் பூச்சின் தலையில் விழும். தரையை முழுதாக உடைத்துப் புதுப்பித்த பிறகும் ஒழுகும் வீடுகளில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

தரைதான் காரணம் என்று தெரிந்தால் நீர்த்தடுப்பு உத்தரவாதத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அது பொதுவாகப் பூச்சை மறுபடி பூசுவதற்கு மட்டும்தான். டைல்ஸ் உடைக்கும் கூலி, புது டைல்ஸ், கீழ்வீட்டுப் பெயின்ட் எல்லாம் வெளியே. ஷவர் கண்ணாடி பொருத்தத் தரையில் ஓட்டை போட்டிருந்தாலோ, கொமட்டை மாற்றியிருந்தாலோ, டைல்ஸ் புதுப்பித்திருந்தாலோ உத்தரவாதம் செல்லாது என்றும் எழுதியிருக்கும். பூச்சு முதலில் தோற்கும் இடங்கள் கழிவு வாயின் விளிம்பும், குழாய் தட்டைத் துளைத்து இறங்கும் இடமும், தரையும் சுவரும் சந்திக்கும் மூலையும்தான். மூலையில் பூச்சு சுவரில் குறைந்தது 6 அங்குலமும், குளிக்கும் பக்கத்தில் 6 அடி வரையும் ஏறியிருக்க வேண்டும்.

கழிவுக் குழாய்தான் காரணம் என்றால், அது பொதுக் குழாய்க் குழியில் போகும் நிலைக்குழாயா, மேல்வீட்டுக்கு மட்டும் உரிய கிளைக்குழாயா என்று பாருங்கள். முன்னது, வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பான தொடர்மாடி முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. பின்னது உங்கள் கூரைத்தட்டுக்குள் தொங்கினாலும் மேல்வீட்டாருக்கு மட்டும் வேலைசெய்யும் குழாய். அயலவர்கள் பேச்சுவார்த்தையை விடுவது இந்தக் குழாயால்தான். பதிவுசெய்யப்பட்ட கூட்டாதன (தொடர்மாடி) வரைபடத்தில் எல்லை எங்கே விழுகிறது என்று பார்த்துப் பேசுங்கள். பேசித் தீராவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் முறையிடலாம்.

சட்டப்பக்கம் ஒரு விடயம். 12 மாதம் என்பது நிறுவனம் தானாக வந்து திருத்தித் தருவதாகச் சொன்ன காலம். கையளித்தபோதே மறைந்திருந்த குறைக்கு வழக்குரிமை அதோடு தானாக முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. எழுத்திலான ஒப்பந்தத்தை மீறியதற்கு, மீறிய நாளிலிருந்து 6 வருடத்துக்குள் வழக்கிட வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். ஒப்பந்தத்தையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அதற்கு முன் நிறுவனத்துக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் போகட்டும்: பழுது என்ன, எப்போது கண்டீர்கள், எந்தப் பரிசோதனை செய்தீர்கள், திகதியிட்ட படங்கள், 14 நாளுக்குள் வந்து பார்வையிட வேண்டும் என்ற கோரிக்கை. முதற்கடிதத்தில் பணம் கேட்காதீர்கள். பார்க்க வரச் சொல்லுங்கள். வராமல் விட்டார்களானால் அதுவே உங்கள் பக்கத்துச் சாட்சி.

கேள்வி: அடுத்த மாதம் புது வீட்டின் திறப்புத் தருகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – தெஹிவளை வாசகி

பகலில் போங்கள், அரைநாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மின்சாரமும் தண்ணீரும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நாளை மாற்றச் சொல்லுங்கள். ஒரு டோர்ச், போன் சார்ஜர், ஐந்து ரூபா நாணயம், ஒரு வாளி, பழைய வங்கி அட்டை ஒன்று, சிறு ரசமட்டம் கையில் இருக்கட்டும்.

குளியலறையில் தொடங்குங்கள், பணம் போவது அங்கேதான். வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிக் கழிவு வாய்க்கு ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது சரிவு வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் குட்டையாக நின்றால் அந்த இடத்தில் சரிவு இல்லை. பிறகு திருத்துவதென்றால் டைல்ஸையும் பூச்சையும் உடைக்க வேண்டிவரும். நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். நிறைந்த டைல்ஸ் 'டக்' என்று அடங்கும், அடியில் கலவை பிடிக்காதது பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அப்படி ஒலிப்பதில் பென்சிலால் குறி போடுங்கள். கொமட்டை இரண்டு முறை தொடர்ந்து ஃப்ளஷ் செய்து, கீழே சுற்றிவரக் கையால் தடவிப் பாருங்கள்.

சுவர் வெடிப்புகளில் முடிபோல மெல்லியவை சீமெந்துப் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருபவை. அதற்கு ஒருமுறை அடைத்துப் பெயின்ட் பூசித் தருவதோடு உத்தரவாதம் முடியும். கவனிக்க வேண்டியது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பும், சுவரின் இரு பக்கத்திலும் ஒரே இடத்தில் தெரியும் வெடிப்பும். வங்கி அட்டையின் தடிப்பு ஏறத்தாழ 0.76 மில்லிமீற்றர். அதன் விளிம்பு வெடிப்புக்குள் நுழைந்தால் அது வெறும் பூச்சு வெடிப்பு அல்ல என்று எழுதிக் கொடுங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதியும் போடுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் நகர்கிறது.

எல்லாப் பிளக்கிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினால் அது உடனே விழ வேண்டும். அதில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். உயிர் காக்கும் அளவு அதுதான், 100 என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். விழாத ட்ரிப் சுவிட்சோடு ஒரு இரவும் அங்கே தங்காதீர்கள்.

கண்ட குறைகளை அறைவாரியாக எழுதி, இரு பக்கமும் கையெழுத்திட்டு, ஒவ்வொன்றுக்கும் முடிக்கும் திகதி போட்டு ஒரு பிரதி வாங்குங்கள். சில நிறுவனங்கள் திறப்போடு ஒரு தாளை நீட்டும்: "வீட்டைப் பூரணமாகப் பரிசீலித்துத் திருப்தியுடன் ஏற்றுக்கொண்டேன்." அந்த வரியை அப்படியே ஒப்பமிடாதீர்கள். கீழே "இணைத்துள்ள குறைப்பட்டியலுக்கு உட்பட்டு" என்று உங்கள் கையால் எழுதி ஒப்பமிடுங்கள். இந்த மூன்று சொல்லுக்காக முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: ஏசி வாங்கும்போது 10 வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருந்தது. மூன்று வருடத்தில் குளிர் நின்றுவிட்டது. பார்க்க வந்த பிள்ளை கொயில் ஓட்டை, வாரண்டி இல்லை, காசு கட்ட வேண்டும் என்கிறார். ஏமாற்றிவிட்டார்களா தம்பி? – கொட்டாஞ்சேனை வாசகி

அம்மா, அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தப் 10 வருடம் பெரும்பாலும் கொம்ப்ரசர் என்ற ஒரே பாகத்துக்கு. மற்றப் பாகங்களுக்கு ஒரு வருடம் என்பதுதான் வழக்கம். கொம்ப்ரசரே பழுதானாலும் அந்த உருப்படி மட்டும்தான் இலவசம். காஸ், கழற்றிப் பூட்டும் கூலி, வண்டிச் செலவு உங்களுடையது. முன்பக்கத்தில் பெரிய எழுத்திலும் பின்பக்கத்தில் பொடி எழுத்திலும் சொல்வது விற்பனைக்காரருக்கு வசதி. வாங்குகிறவர்களுக்கு அது பெரிய அநியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

கொயில் ஏன் மூன்று வருடத்தில் போனது? கொழும்பில் முதற் சந்தேகம் உப்புக்காற்று. கடலைப் பார்த்த பக்கம் வெளி யூனிட் இருந்தால் அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பொரிந்து, கையால் தொட்டால் உதிரும். அரிப்பு வாரண்டியில் வெளியே என்று எழுதியிருக்கும். அப்படிப் பொரியாமல், செப்புக் குழாய் யூனிட்டோடு சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கதை வேறு. அங்கேதான் காஸ் கசிந்திருக்கிறது, அது பொருத்தியவர் விட்ட பிழை. கடையே ஆளனுப்பிப் பூட்டியிருந்தால் கடையிடம் கேட்கலாம். அதனால் "கொயில் ஓட்டை" என்று வாயால் சொன்னதை ஏற்காமல், ஓட்டை இருக்கும் இடத்தைப் படம் பிடித்து வேலைத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

புதிதாகப் பூட்டுகிறவர்களுக்கு: குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பால் இழுத்த பிறகே காஸைத் திறக்க வேண்டும், குறைந்தது 15 – 20 நிமிடம். அவசரக்காரர் காஸையே கொஞ்சம் திறந்து காற்றைத் தள்ளிவிட்டுப் போவார். உள்ளே நின்ற ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிச் சில வருடத்தில் கொம்ப்ரசரின் சுற்றை எரிக்கும். அப்போது கம்பனி, பொருத்தியது சரியில்லை என்று கையை விரிக்கும். பம்ப் ஓடுவதை ஒரு படம் எடுத்து வையுங்கள். சேவிஸ் தாள்களையும் சேர்த்து வையுங்கள். பல அட்டைகளில் குறித்த கால இடைவெளியில் சேவிஸ் செய்யாவிட்டால் வாரண்டி ரத்து.

"வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கம்" என்பதும் கம்பனிகள் அடிக்கடி சொல்லும் காரணம். எங்கள் நாட்டில் 230 வோல்ட், 6 வீதம் கூடலாம் குறையலாம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. அதற்கு வெளியே போனால் மின்சார சபைக்கு 1987 அல்லது லெக்கோ பகுதியானால் 1910 இலக்கத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, தன் புது வீட்டுக்கு 7 வருட உத்தரவாதம் சட்டப்படியே இருக்கிறது என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மருமகள் மாதாமாதம் ஹோம் வாரண்டிக்குக் காசு கட்டுகிறா. இங்கே அப்படி ஒன்றும் இல்லையா? – பம்பலப்பிட்டி வாசகர்

அண்ணா சொல்வதும் மருமகள் கட்டுவதும் இரண்டு வேறு சாமான்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் புது வீட்டுக்குக் கட்டுநர் தரும் உத்தரவாதம் சட்டத்தால் வருவது. முதல் வருடம் வேலைத்தரமும் பொருளும், இரண்டு வருடம் நீர் உட்புகுதல், மின், குழாய், வெப்பமூட்டும் அமைப்புகள், ஏழு வருடம் பெரிய கட்டமைப்புக் குறை. கட்டுநர் செய்யாவிட்டால் டேரியன் என்ற அமைப்பு தலையிடும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டம் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்), கையளித்த 5 வருடத்துக்குள் அறிவிக்கும் கட்டமைப்பு மற்றும் வேலைத்தரக் குறையை 30 நாளுக்குள் இலவசமாகத் திருத்தச் சொல்கிறது.

மருமகள் கட்டுவது ஒரு சேவை ஒப்பந்தம். பழைய வீட்டுக்கும் எடுக்கலாம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வெப்பமூட்டி, ஏசி, குழாய், மின்கம்பி, குளிர்சாதனப் பெட்டி போன்றவை வழமையான தேய்மானத்தால் பழுதானால் ஆளனுப்பித் திருத்துவார்கள். ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் உச்சத் தொகை உண்டு. ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்த பழுது, பராமரிக்காமல் விட்டது, பிழையாகப் பொருத்தியது, சுவர், அத்திவாரம், பெரும்பாலும் கூரை எல்லாம் வெளியே. அங்கே வரும் சண்டைகளில் "இது முன்பே இருந்த பழுது" என்ற வரிதான் முன்னுக்கு நிற்கும். மருமகளிடம், சேவிஸ் பற்றுச்சீட்டுகளையும் வீடு வாங்குமுன் செய்த பரிசோதனை அறிக்கையையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

இங்கே வீடு வாங்குகிறவருக்கு, ஒப்பந்தத்தில் பேசி எழுதிய அளவுதான் கையில் நிற்கும். ஆகவே பேசுங்கள். முற்பணம் கொடுக்குமுன், கட்டமைப்புக்கு 5 வருடம், நீர்த்தடுப்புக்கு 5 வருடம், மற்றவற்றுக்கு ஒரு வருடம் என்று பிரித்து எழுதக் கேட்கலாம். எல்லா நிறுவனமும் சம்மதிக்காது. கேட்காதவருக்கு எந்த நிறுவனமும் தரப்போவதில்லை. வீட்டை இன்னொருவருக்கு விற்றால் மிச்சக் காலம் அவருக்கும் செல்லும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். சுவரில் ஈரம் ஊறிப் பூச்சு கழன்றதற்கு இழப்பீடு கேட்டேன், மறுத்துவிட்டார்கள். பிறகு எதற்குக் காப்புறுதி? – கொலன்னாவ வாசகர்

காப்புறுதி திடீரென்று வரும் இழப்புக்கு. மெதுவாக வரும் பழுது அதில் இல்லை. குழாய் வெடித்து ஓர் இரவில் கூடம் நனைந்தால் காப்புறுதியில் கேட்கலாம், குழாய் வெடிப்பைத் தனியாகச் சேர்க்கும் வரி உங்கள் பத்திரத்தில் இருந்தால். மாதக்கணக்கில் ஊறிய ஈரம், தேய்மானம், துரு, கறையான், பிழையான கட்டுமானம் ஆகியவை எல்லாம் விலக்கு. அந்த வகையில் மறுப்பு சரியாகத்தான் தோன்றுகிறது. உங்கள் ஈரம் வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கியதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி உங்கள் பகுதி மூழ்கியதை அறிவோம். வெள்ளத்தால் வந்த சேதம் வேறு கணக்கு. வெள்ளம் வடிந்த கையோடு அறிவித்துப் படம் எடுத்தவருக்குத்தான் அது நிற்கும்.

இரண்டு இடத்தைப் பத்திரத்தில் தேடுங்கள். ஒன்று, சேர்க்கைகள். அடிப்படைத் தீக்காப்புறுதியில் தீயும் மின்னலும் இருக்கும். வெள்ளம், புயல், குழாய் வெடிப்பு, களவு, மின்சாதனப் பாதிப்பு என்பன தனித்தனியாகச் சேர்ப்பவை. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் என்பதும் தனிச் சேர்க்கைதான். 1983 ஜூலையைக் கண்ட குடும்பங்களுக்கு இந்த ஒரு வரி ஏன் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

மற்றது, காப்புறுதித் தொகை. மறுபடி கட்ட 2 கோடி செல்லும் வீட்டை, தவணை குறையட்டும் என்று 1 கோடி 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 10 இலட்சம் இழப்பு வந்தால் 10 இலட்சம் கிடைக்காது. நீங்கள் எடுத்தது 60 வீதம், இழப்பிலும் 60 வீதம்தான்: 6 இலட்சம். அதிலிருந்து உங்கள் பங்காகக் குறிக்கப்பட்ட முதற்தொகையும் கழியும். தொகையைக் கணக்கிடும்போது காணி விலையைச் சேர்க்காதீர்கள். காணி எரிவதில்லை. கட்டடத்தை இன்றைய சீமெந்து, கம்பி, கூலி விலையில் மறுபடி எழுப்ப என்ன செல்லும் என்பதுதான் கணக்கு. சீமெந்து விலை ஏறிய பிறகும் பழைய தொகையிலேயே வருடா வருடம் புதுப்பித்துவருகிறவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் நிற்கிறார்கள்.

மறுப்பு நியாயமில்லை என்று பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் (முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவருக்கும்) எழுதலாம்.

தொடர்மாடியில் இருப்பவர்கள், கட்டடத்துக்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஏற்கெனவே காப்புறுதி எடுத்திருக்கிறதா என்று கேட்ட பின்னரே தங்களுடையதை எடுக்க வேண்டும். சுவருக்கு இரண்டு முறை தவணை கட்டி, உள்ளே இருக்கும் தளபாடத்துக்கு ஒன்றுமில்லாமல் இருப்பவர்கள் பலர்.

கேள்வி: சொந்தக் காணியில் ஒப்பந்தகாரரைக் கொண்டு வீடு கட்டுகிறோம். வேலை முடிந்த பிறகு பழுது வந்தால் ஆளைப் பிடிக்க முடியுமா? – மட்டக்குளி வாசகர்

ஆளைப் பிடிப்பது கஷ்டம், காசைப் பிடித்து வைப்பது சுலபம். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நிறுத்தி, மொத்தத்தில் 5 வீதம் சேரும் வரை உங்களிடம் வைத்திருங்கள். வேலை முடிந்து கையேற்கும்போது பாதியைக் கொடுத்து, மீதியை 12 மாதம் கழித்துப் பழுதெல்லாம் திருத்திய பிறகு கொடுப்பது கட்டுமானத் துறையில் ஊறிய வழக்கம். 150 இலட்சம் வேலையில் கடைசி வரை கையில் நிற்பது 3 இலட்சத்து 75 ஆயிரம். 12 மாதம் என்பதற்கும் காரணம் உண்டு: வீடு ஒரு தென்மேற்குப் பருவமழையையும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையையும் பார்த்துவிட வேண்டும். வேலை தொடங்குமுன் எழுத்தில் இருந்தால்தான் இது செல்லும். இடையில் சொன்னால் மேசன்மாரோடு ஒப்பந்தகாரரும் போய்விடுவார்.

கறையான் மருந்துக்குத் தனி உத்தரவாதப் பத்திரம் வாங்குங்கள். அத்திவாரம் நிரப்புமுன் மண்ணில் அடித்த மருந்து, பிறகு மண்ணைத் தோண்டிக் குழாய் போட்டாலோ சுவரோடு ஒட்டிப் பூப்பாத்தி கட்டினாலோ அந்த இடத்தில் அறுந்துவிடும், உத்தரவாதமும் அதோடு போகும்.

கேள்வி: கூரைத்தகட்டுக்குப் பல வருட உத்தரவாதம் தந்தார்கள். நான்கே வருடத்தில் விளிம்பு துருப்பிடிக்கிறது. – கல்கிசை வாசகர்

பத்திரத்தில் கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்று ஒரு வரி இருக்கும், அதை முதலில் பாருங்கள். துத்தநாக-அலுமினியத் தகடுகளின் உத்தரவாதம் கடற்கரையோரத்தை விலக்குவது வழமை. உங்கள் வீடு அந்தத் தூரத்துக்கு அப்பால் என்றால் அளந்த வரைபடத்தோடு கேளுங்கள். துரு வெட்டிய விளிம்பிலும் ஆணி ஓட்டையைச் சுற்றியும் மட்டும் என்றால் வேறு காரணம்: தகட்டைக் கிரைண்டரால் வெட்டினால் பூச்சு எரிந்துவிடும், பறந்த இரும்புத் தூளும் அங்கங்கே ஒட்டித் துருவாகும். அது பொருத்தியவரின் பிழை. தகட்டுக் கம்பனி அதை ஏற்காது.

கேள்வி: சலவை இயந்திரம் வாங்கப் போனால், இன்னும் கொஞ்சம் கட்டினால் வாரண்டியை 2 வருடம் நீட்டித் தருவோம் என்கிறார்கள். எடுக்கலாமா? – நுகேகொடை வாசகி

நீட்டிப்பில் மின்னணுப் பலகையும் மோட்டரும் கூலியும் மூன்றும் அடங்கும் என்று எழுதியிருந்தால், விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவும் இருந்தால் எடுக்கலாம் என்பது எங்கள் கணக்கு. "பாகங்கள் மட்டும்" என்றால் வேண்டாம். இறப்பர் வளையம், தண்ணீர்க் குழாய், வடிகட்டி எப்போதுமே வெளியே. எலி கடித்த வயரும் வெளியே. மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் கம்பிவலை அடியுங்கள்.

பொருள் வாரண்டிக்கு ஒத்து நடக்கவில்லை என்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் என்று சட்டம் காலம் குறிப்பதால், பழுது தெரிந்த பிறகு கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்கோ" என்று சொல்லச் சொல்ல நடந்துகொண்டிருக்காதீர்கள். கடைப் பற்றுச்சீட்டு வெப்பத்தாளில் அச்சாவது. எங்கள் வெக்கையில் ஒரு வருடத்துக்குள் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் பிரதி எடுங்கள். மெஷினைச் சுவரோடு தள்ளுமுன், பின்புறம் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தையும் ஒரு படம் பிடித்து வாரண்டி அட்டையில் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் அன்றைக்கே கடையில் திருத்திச் சீல் வைத்து வாங்குங்கள்.